தாய்மொழி பொறித்த கல்லறை



பிள்ளைகளையோ உறவினரையோ பார்க்கப் பிரான்ஸுக்குப் போய்வருவோர் இன்று நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஈபிள் கோபுரத்தின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கும் அந்தப் பயணம் வாய்த்தால், ஒரு நாளை ஒதுக்கி வடக்குப் பக்கமும் போய்வாருங்கள்.

பாரிஸிலிருந்து சுமார் 200 கிலோமீற்றர் வடக்கே லான்ஸ் என்ற நகரம் இருக்கிறது. ரயிலிலேயே போகலாம். சுற்றுப்புறம் முழுவதும் தட்டையான நிலம். அதன் நடுவே கூம்பு வடிவில் கறுத்த குன்றுகள் தென்படும். அவை இயற்கையான மலைகள் அல்ல. நிலக்கரி தோண்டியவர்கள் தலைமுறை தலைமுறையாக வெளியே கொட்டிய கழிவுகள். இப்பகுதியின் கடைசிச் சுரங்கம் 1990ஆம் ஆண்டு மூடப்பட்டது.

இங்கே கார்வான் என்ற ஊருக்கு அருகில் எஸ்தெவெல் என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூர்ப் பொது மயானத்தில் பிரெஞ்சுப் பெயர்களுக்கிடையே ஒரு கல்லில் வங்காள எழுத்துக்கள் காணப்படுகின்றன. இது ஒரு மாவீரனின் கல்லறை, மரியாதை காட்டுங்கள், தொடாதீர்கள் என்பது அவ்வெழுத்துக்களின் பொருள்.

அந்த மாவீரனுக்கு வயது வெறும் 19 என்றால் நம்புவீர்களா?

பெயர் இந்திரா லால் ராய். கல்கத்தாவில் 1898 டிசம்பர் 2ஆம் திகதி பிறந்தவர். தந்தை பாரிஸ்டர். தாய் லலிதா ராய் பிள்ளைகளின் படிப்புக்காக அவர்களோடு இலண்டனில் வாழ்ந்தார். அந்தத் தாயையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1911 ஜூன் 17ஆம் திகதி, பெண்களுக்கு வாக்குரிமை கோரி ஆயிரமாயிரம் பெண்கள் இலண்டன் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். அதில் சேலை உடுத்து நடந்த இந்தியப் பெண்களுள் லலிதாவும் ஒருவர். அப்போது மகனுக்கு 12 வயது.

முதலாம் உலக மகாயுத்தம் வந்தது. மூத்த மகன் பரேஷ் தரைப்படையில் சேர்ந்தார். இந்திராவுக்கோ ஆகாயத்தில்தான் கண். ஆனால் கண்பார்வை போதாது என்று விமானப்படையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் விடவில்லை. தனது மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெரிய கண் வைத்தியர் ஒருவரிடம் காட்டி, பார்வை சரி என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்து 1917இல் சேர்ந்துவிட்டார்.

அவ்வருடம் டிசம்பரிலேயே அவரது விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்துவிட்டார் என்று பிரேத அறையில் கிடத்தினார்களாம். நினைவு திரும்பி உள்ளேயிருந்து கதவைத் தட்டினாராம். காயம் ஆறும்வரை படுத்துக் கிடந்த நாட்களில் விமானங்களைப் படம் படமாக வரைந்தார். அந்தப் படங்களில் பல இன்றும் இருக்கின்றன.

மரணத்தின் வாசல்வரை போய் மீண்ட பிள்ளையை எந்தத் தாய் மறுபடி அனுப்ப நினைப்பாள்? ஆனால் அவர் போனார். 1918 ஜூலையில் இரண்டு வாரங்களுக்குள் 10 வான் வெற்றிகள் அவர் கணக்கில் எழுதப்பட்டன. ஜூலை 22ஆம் திகதி, ஜேர்மனியர் வசமிருந்த கார்வானுக்கு மேலே நடந்த சண்டையில் அவரது விமானம் தீப்பற்றி விழுந்தது. யுத்தம் முடிய நான்கு மாதங்கூட இருக்கவில்லை. செப்டெம்பரில் அவருக்கு வீரப்பதக்கம் அறிவிக்கப்பட்டது. விமானப்படையின் அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். ஆனால் அதை அணிய மகன் இல்லை.

சற்று யோசித்துப் பாருங்கள். தாய் எந்த அரசிடம் உரிமை கேட்டு வீதியில் நடந்தாரோ, அதே அரசுக்காக மகன் உயிரைக் கொடுத்தார். அவர் பிறந்த நாடோ அப்போது அந்த அரசுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தது.

ஆனாலும் அவருக்கு ஒரு கல்லறையாவது கிடைத்தது. அதே மாவட்டத்தில் நவ் ஷப்பேல் என்ற இடத்தில் 1927இல் திறக்கப்பட்ட இந்தியப் போர் வீரர் நினைவிடம் இருக்கிறது. அடக்கிய இடமே தெரியாத நாலாயிரத்துக்கும் அதிகமானோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முஸ்லிம் பெயர்கள் ஏராளம். அங்குள்ள தூணில் அரபு எழுத்துக்களையும் காணலாம். அவர்களையும் ஒரு உம்மா பெற்று, பெயர் வைத்து, வாசலில் நின்று வழியனுப்பியிருப்பார்.

பிள்ளைக்கு ஒரு கபுறாவது இருக்கிறதா என்று தேடிய தாய்மாரை 2009இல் முடிந்த யுத்தத்தில் நம் நாடும் கண்டது. அதனால்தான் எஸ்தெவெல் நமக்குத் தூரத்து ஊராகத் தோன்றுவதில்லை.

நாளை உங்கள் வீட்டு வாசலில் மகன் மோட்டார் சைக்கிளை உதைத்து இயக்கும்போது, "பார்த்துப் போ மகன்" என்று சொல்வீர்கள். அப்போது மோட்டார் சைக்கிளை விற்று ஆகாயத்துக்குப் போன அந்தப் பையனையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.