ஏ... இந்தாம்மா!

சீரியல் பார்க்கிறதை வெளியே சொல்லிக்காத ஆம்பளைங்க சங்கத்துல நானும் பல வருஷம் மெம்பரா இருந்தேன். "அம்மா பார்ப்பாங்க, நான் அந்தப் பக்கமா போறப்போ காதுல விழும்" என்பதுதான் சங்கத்தோட கொள்கை வசனம். காதுல விழுந்தே எனக்கு எதிர்நீச்சல் முழுக்கதையும் தெரியும்னா பார்த்துக்குங்க :-)

வீடு இருக்கிறது செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கச் சந்து ஒன்றில். மாடியில் ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விடுகிறோம். கார்த்திகை தீபத்தை ஒட்டி ஆரம்பிக்கும் சீசன், பிப்ரவரி வரைக்கும் ஓடும். வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். 1896ல் இந்த ஊருக்கு வந்த ஒருத்தர் பேசாமல் உட்கார்ந்தே உபதேசம் பண்ணினார் என்று கேள்விப்பட்டு, அந்த மௌனத்தைத் தேடிக்கொண்டு பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்து வருபவர்கள். அப்படி வந்து எங்கள் மாடியில் கண்ணை மூடி உட்கார்ந்தால், ராத்திரி ஒன்பதரைக்கு கீழேயிருந்து "ஏ... இந்தாம்மா... ஏய்!" என்று ஒரு குரல் கிளம்பும். ஒரு ஜெர்மன் அம்மா படியிறங்கி வந்து, "யார் அந்த மனிதர்? ஏன் தினமும் கோபமாக இருக்கிறார்?" என்று ரொம்ப அக்கறையாக் கேட்டார். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்துவிட்டார் பாவம். டிவியைக் காட்டினேன். அப்புறம் அவரும் நாலு நாள் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். பாஷை தெரியாமலேயே எல்லாம் புரிந்தது என்றார்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எதிர்நீச்சல் சன் டிவியில் 2022 பிப்ரவரியில் ஆரம்பித்தது. இயக்கம் திருச்செல்வம். கோலங்கள் எடுத்தாரே, அவரேதான். 2003லேர்ந்து 2009 வரைக்கும் 1533 எபிசோட், அதில் தொல்காப்பியனாக அவரே நடிக்கவும் செய்தார். கோலங்கள் ஓடினப்போ எங்க அம்மா அபியோட கம்பெனி லாப நஷ்டத்தை எங்க வீட்டுக் கணக்கைவிட நல்லா வச்சிருந்தாங்க. அதில் அபி வெளியே போய் கம்பெனி நடத்துகிற பெண். எதிர்நீச்சல் அதுக்கு நேர் எதிர். மதுரையில் ஒரு பெரிய வீடு. அண்ணன் தம்பி நாலு பேர், படிச்ச பெண்களாகத் தேடிக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் நிறுத்துகிறார்கள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியா ஜனனி. மூத்தவர் ஆதி குணசேகரன். அவர் வாயைத் திறந்தால் வீடே கப்சிப்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்துவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணும் கண்ணும், புலிவால் படங்களின் இயக்குநர். பரியேறும் பெருமாளில் அந்த அப்பாவாக வந்தவர். சீரியலுக்கு வந்துதான் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தார். வில்லனாக எழுதப்பட்ட ஆள் ஹீரோ மாதிரி ஆகிவிட்டதுதான் வேடிக்கை. அந்த "இந்தாம்மா"வை வைத்து மீம் போடாத பையன் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க அப்பா. அவர்தான் எங்க வீட்டில் எதிர்நீச்சலின் நம்பர் ஒன் ரசிகர். அதுவரைக்கும் நியூஸ் தவிர எதுவும் பார்க்காத மனுஷன், இதுக்கு மட்டும் ஒன்பது இருபதுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். குணசேகரன் பேசுவதற்கு அரை செகண்ட் முன்னாடி அப்பா பேசுவார். "சொல்றான் பாரு, கரெக்டா சொல்றான்" என்று தொடையில் தட்டிக்கொள்வார். அப்பத்தாவோட நாப்பது பர்சென்ட் சொத்து விவகாரம் வந்தப்போ, அந்தச் சொத்து ஏதோ எங்க சொத்து மாதிரி டென்ஷன் ஆனார். அம்மா கீழே உட்கார்ந்து அவரைக்காய் நார் உரிச்சிக்கிட்டே பார்ப்பாங்க. ஜனனி எதிர்த்துப் பேசுகிற சீனில் அம்மாவோட கை நின்றுவிடும். நான் அதைக் கவனிச்சிருக்கேன். கவனிச்சேனே தவிர, அதுக்கு மேல யோசிக்கல.

அப்பா கை நீட்டினதில்லை. சத்தம் மட்டும்தான். சோத்துல உப்பு கம்மின்னா சத்தம், செருப்பு வாசல்ல கோணலா கிடந்தா சத்தம். அவர் கூப்பிடுவதும் "ஏம்மா... ஏய்"தான். அம்மா பேரை அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

2023 மே மாசம் அப்பா தவறிட்டார். அம்மா அழல. சொந்தக்காரங்க எல்லாம், "அழுதுடு, மனசுல வச்சிக்காதே"ன்னு பிடிச்சு உலுக்கினாங்க. அம்மா பால் ஊத்துற வரைக்கும் வந்தவங்களுக்குக் காபி தீர்ந்துடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பதினாறு முடிஞ்ச மறுநாள் டிவியைப் போட்டாங்க.

அந்த வருஷம் செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. காலையில் நியூஸில் ஓடுது. எதிர்நீச்சலுக்கு டப்பிங் பேசிக்கிட்டு இருந்தப்பவே மாரடைப்பு, நடிகர் மாரிமுத்து மரணம். ஜெயிலர் வந்து ஒரு மாசம்கூட ஆகல. நான் பல் தேய்ச்சிட்டு வரேன், அம்மா டிவி முன்னாடி முந்தானையை வாயில் வச்சிக்கிட்டு குலுங்கிக் குலுங்கி அழறாங்க. சத்தமே இல்லை, உடம்பு மட்டும் ஆடுது. எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. அப்பாவுக்கு அழாதவங்க, எந்த ஊரோ தேனிப்பக்கத்து ஒரு நடிகருக்கு இப்படி அழறாங்களேன்னு. உண்மையைச் சொல்லணும்னா கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அன்னிக்கு ராத்திரியும் டிவி ஓடிச்சு. முன்னாடியே எடுத்து வச்ச காட்சிகளில் அவர் இன்னும் சில நாள் வந்தார். செத்தவர் வந்து கத்துகிறார். அம்மா கண் எடுக்காம பார்த்தாங்க. அப்புறம் கதையில் அவரைக் காணாமப் போக வச்சு, அக்டோபரில் வேல ராமமூர்த்தியைக் குணசேகரனாகக் கொண்டுவந்தாங்க. குற்றப்பரம்பரை எழுதினவர், கிடாரியில் மிரட்டினவர். எனக்குப் பிடிச்ச எழுத்தாளர் என்பதால் சந்தோஷமாத்தான் உட்கார்ந்தேன். அம்மாவோட விமர்சனம் ரெண்டே நாளில் வந்துவிட்டது:

"இவரைப் பார்த்தா நெஜமாவே அடிச்சிடுவாருன்னு இருக்குடா. அவரு அப்படி இல்ல. சும்மா கத்துவாரு. உள்ளுக்குள்ள பயந்தாங்கொள்ளி. அதான் அந்தக் கத்து."

எந்தப் பத்திரிகை விமர்சனத்திலும் இவ்வளவு சுருக்கமா நான் படிச்சதில்ல. வேல ராமமூர்த்தியிடம் குறையில்லை. ஆனா மாரிமுத்து அந்தப் பாத்திரத்துக்குள்ள ஒரு பயத்தை வச்சிருந்தார். பொம்பளைங்க வாசப்படி தாண்டிட்டா தான் யாருமே இல்லைங்கிற பயம். அதனாலதான் அந்தாளைப் பார்த்துச் சிரிக்க முடிஞ்சது. புதுசா வந்தவரைப் பார்த்துச் சிரிக்க முடியல.

முதல் பாகம் 2024 ஜூனில் முடிஞ்சது. அந்த டிசம்பரிலேயே "எதிர்நீச்சல் தொடர்கிறது"ன்னு திரும்ப ஆரம்பிச்சாங்க. ஜனனிக்கு வேற நடிகை. மத்தபடி அதே வீடு, அதே ஹால், எல்லாரும் வரிசையா நின்னு பேச, ஒவ்வொருத்தர் முகத்துக்கும் கேமரா மூணு தடவை போக... சாமி, முடியல. இழுவையான இழுவை. இடையில் அம்மா விஜய் டிவி சிறகடிக்க ஆசைக்குப் போயிட்டு வருவாங்க. அதில் மாமனார் பேர் அண்ணாமலை, நடிக்கிறது வைதேகி காத்திருந்தாள் எடுத்த இயக்குநர் ஆர்.சுந்தர்ராஜன். பொண்டாட்டி விஜயா போடுற ஆட்டத்தை எல்லாம் பார்த்துக்கிட்டுப் பொறுமையா இருப்பார். "அண்ணாமலைன்னு பேர் வச்சாலே அதிகம் பேச மாட்டாங்க போல"ன்னு ஜன்னல் வழியா மலையைக் காட்டினாங்க அம்மா. அவங்களுக்கு இந்த மாதிரி நக்கல் எல்லாம் வரும்னே அப்பா போனப்புறம்தான் எனக்குத் தெரியும்.

இப்போ பதிவு எழுத வச்ச விஷயம். 2025ல் குணசேகரன் ஈஸ்வரியைத் தாக்கி, அவள் நினைவில்லாம ஆஸ்பத்திரியில் கிடக்கிற எபிசோடுகள். பார்த்தவங்களுக்குத் தெரியும், அந்த வாரம் பூரா வயித்தைப் பிசைஞ்சது. ஒரு எபிசோட் நடுவுல விளம்பரம் போட்டான். அம்மா டிவியைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க:

"எனக்கும் ஒரு ஆர்டர் வந்துச்சு."

"இன்னா ஆர்டர்? ஆன்லைன்ல ஏதாவது போட்டியா?"

"வேலைக்குடா. எண்பத்திநாலுல. டைப்பிஸ்ட். வேலூர்ல."

திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது 1989ல். அதுக்கு முன்னாடி எதுக்கெடுத்தாலும் வேலூர்தான். அம்மா எஸ்எஸ்எல்சி என்று தெரியும். தமிழ், இங்கிலீஷ் ரெண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சிருக்காங்கன்னு எனக்கு நாப்பது வயசில்தான் தெரியுது.

"அப்புறம்?"

"நீ வயித்துல மூணு மாசம். தபால் வந்துச்சு. உங்கப்பா வாங்கிப் படிச்சாரு. மடிச்சு சட்டைப் பையில வச்சிகினாரு. நான் பார்த்துக்கறேன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "பார்த்துக்கினாரு" என்றார்கள்.

"நீ கேக்கலியா?"

"ஒருவாட்டி கேட்டேன். தொலைஞ்சி போச்சுன்னாரு. அவரு செத்த ரெண்டாம் நாள் இன்சூரன்ஸ் பேப்பர் தேடச் சொன்னியே, அந்த ஃபைல்ல இருந்துச்சு. மடிச்சது மடிச்சபடி."

"இவ்ளோ நாளா சொல்லவே இல்லியேம்மா..."

"உஸ், போட்டுட்டான்."

அவ்வளவுதான். சீரியல் திரும்ப வந்துடுச்சு. டிவிக்கு மேலதான் அப்பா போட்டோ. மாலை, சின்ன சிவப்பு பல்பு எல்லாம் போட்டு நான்தான் மாட்டினேன். அந்த அரைமணி நேரம் நான் மேலே பார்க்கல. எபிசோட் முடிஞ்சதும், "அப்புறம் ஏம்மா மாரிமுத்துவுக்கு அப்படி அழுத?" என்று கேட்டேன். ரெண்டு வருஷமா தொண்டையில் நின்ன கேள்வி.

"தெரியலடா" என்றார்கள். டம்ளரைக் கழுவி கவிழ்த்து வச்சிட்டு வந்து, "உங்கப்பா சத்தம் போச்சு. ஒன்பதரைக்கு அந்தச் சத்தமாவது இருந்துச்சு. அதுவும் போயிடுச்சேன்னு வந்துச்சோ இன்னாவோ" என்று சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டாங்க.

ஒரு விஷயத்தை உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அந்த வாரம் நான் தங்கமணிகிட்ட ஒண்ணு சொல்றதா இருந்தேன். அவங்க ஒரு தனியார் ஸ்கூலில் கணக்கு டீச்சர். சீசன் வருது, மாடி ரூம் பார்த்துக்க ஆள் வேணும், அந்தச் சம்பளத்துக்கு எதுக்கு அலையணும், நின்னுடலாமே. இதுதான் என் பேச்சு. நயமாத்தான் சொல்லலாம்னு இருந்தேன். குணசேகரன் மாதிரி கத்தப் போறதில்ல. அப்பா மாதிரி, "நான் பார்த்துக்கறேன்."

ராத்திரி தங்கமணியிடம் ஆர்டர் கதையை மட்டும் சொன்னேன். பரீட்சைப் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே, "அது எனக்குப் போன வருஷமே தெரியுமே. அத்தை அந்த லெட்டரைக் காமிச்சாங்க" என்றார். கதவுக்குப் பின்னாடி மருமகள்கள் பேசிக்கிறது ஹாலில் உட்கார்ந்திருக்கிற ஞானத்துக்கும் கதிருக்கும் எந்தக் காலத்தில் தெரிஞ்சிருக்கு? அடுத்து சிவப்பு இங்க்கில் ஒரு சுழி போட்டுட்டு, "நீங்க ரூம் பத்தி ஏதோ சொல்லணும்னு ரெண்டு நாளா வாயை மென்னுட்டு இருக்கீங்க. ஆள் வைங்க" என்றார். அவ்வ்வ்!

மறுநாள் சாயங்காலம் ஆசிரமத்தில் பாராயணம் முடிஞ்சு அம்மா வந்தப்போ, நான் லேப்டாப்பில் என்எச்எம் ரைட்டரை நோண்டிக்கிட்டு இருந்தேன். பழைய ஆளுங்களுக்குத் தெரியும், அதில் தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டும் இருக்கு. நான் தங்கிலீஷில் தட்டுற ஜாதி, அதைத் தொட்டதே இல்லை. மாத்தி வச்சிட்டு, "இங்க வந்து உட்காரும்மா" என்றேன்.

"போடா, எனக்கு எல்லாம் மறந்து போச்சு" என்று சொல்லிக்கிட்டே முந்தானையில் கையைத் துடைச்சாங்க. உட்கார்ந்தாங்க. விரலை வச்சாங்க. வச்ச விதத்திலேயே தெரிஞ்சது, மறக்கல. யளனக, யளனக, யளனக... முதல்ல மெதுவா, அப்புறம் மழை மாதிரி. தட்டுற வேகத்தில் என் லேப்டாப் சாவி உடைஞ்சிடுமோன்னு ஆயிடுச்சு. அந்தக் காலத்து மிஷினை அழுத்தின பலம் அப்படியே விரலில் இருக்கு. வரி முடிஞ்சதும் அவங்க இடது கை தானா மேலே போய், காத்துல எதையோ தள்ளிச்சு. வண்டியை நகர்த்துற அந்த லீவர். அங்கே ஒண்ணும் இல்லை. கையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, சிரிச்சிட்டாங்க.

"அதெல்லாம் தானா அடுத்த வரி போகும்மா."

"போவுமா? பரவால்லியே" என்று அடுத்த வரியைத் தட்ட ஆரம்பிச்சாங்க. ராத்திரி சீரியல் டைட்டில் மியூசிக் வந்தப்போ எழுந்து போகலை. "என்ன நடக்குதுன்னு நீ பார்த்துச் சொல்லு" என்றார்கள்.

பார்த்துச் சொன்னேன். ஒண்ணும் நடக்கல. எல்லாரும் ஹாலில் நின்னு பேசினாங்க.

டிஸ்கி: மாடி ரூம் பார்க்க ஆள் கிடைச்சாச்சு. சம்பளம் பேசி முடித்தது தங்கமணி. எனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தின்னு படுது, வெளியே சொல்லல :-)