பலகையில் இரண்டு வாக்கியங்கள்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து, கல்முனைப் பெருந்தெரு வழியே நாவற்குடாவை நோக்கி வருபவர், பாடசாலை மதிலிலும் கூட்டுறவுச் சங்க வாயிலிலும் அரச காரியாலயச் சுவரிலும் 'தூரநோக்கு' என்றும் 'பணிக்கூற்று' என்றும் தலைப்பிட்டு எழுதப்பெற்ற இரண்டு வாக்கியங்களைக் காண்பர்; கண்டவருள் அவற்றை முடிவுவரை வாசித்தவர் மிகச் சிலரே என்பது என் அபிப்பிராயம். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், வாசிகசாலை என்னும் சிறு தாபனங்களுக்கு யாப்பு எழுதிக் கொடுப்பதோடு, இவ்விரண்டு வாக்கியங்களையும் அமைத்துக் கொடுக்கும் வேலை நெடுங்காலமாக என்னிடம் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. எழுத்துக் கணக்கில் கூலி பேசும் பலகை ஓவியருக்கு அஞ்சியே எத்தனையோ அடைமொழிகளைச் சங்கத்தார் தாமாகவே வெட்டியிருக்கின்றனர். இலக்கண ஆசிரியரால் ஆகாத காரியம் அது.

தூரநோக்கு என்பது ஒரு தாபனம் காண விரும்பும் எதிர்கால நிலை என்றும், பணிக்கூற்று என்பது அந்நிலையை எய்த அது இன்று செய்யும் வேலை என்றும் முகாமைத்துவ நூல்கள் வகுத்துக் கூறும். கூற்று பிழையன்று, ஆயினும் பாயில் அமர்ந்திருக்கும் நிருவாகசபை உறுப்பினர்களிடம் இதனைச் சொல்லிவிட்டு எழுதச் சொன்னால், 'சுபிட்சமான சமூகம்' என்று முதலாவதிலும், 'சுபிட்சமான சமூகத்தை உருவாக்குதல்' என்று இரண்டாவதிலும் எழுதி, வேலை முடிந்ததென்று வெற்றிலைத் தட்டை நகர்த்துவார்கள். ஆகையால் நான் வேறோர் அளவுகோலைக் கைக்கொண்டேன். எழுதிய வாக்கியத்தில் தாபனத்தின் பெயரை நீக்கி, அயலிலுள்ள இன்னொரு சங்கத்தின் பெயரை இட்டு வாசிக்கச் சொல்வேன். தூரநோக்கு அவ்வாறு வாசிக்கப்பட்டும் பொருந்துமானால் அதனாற் குறையொன்றுமில்லை. ஒரே நன்மையைப் பலரும் விரும்புதல் நல்லதே. பணிக்கூற்று பொருந்திவிடுமானால், அச்சங்கம் தான் செய்யப்போவது என்னவென்று இன்னும் தீர்மானிக்கவில்லை என்பதே அதன் பொருள்.

இவ்வளவுகோல் எனக்கு வாவிக்கரையிற் கிடைத்தது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே எத்தனையோ ஊர்களுக்குச் சோறு போடுவது. அதில் இறாலும் நண்டும் பிடித்துச் சீவிப்போர் சிலர் கூடிய சங்கமொன்றில், 'வளங்குன்றாத வாவி' என்னும் தூரநோக்கை எழுதி முடித்து, பணிக்கூற்றுக்கும் அதனையே சற்று நீட்டி, பாதுகாத்தல், மேம்படுத்தல் முதலிய வினைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த முதியவர் ஒருவர், "மனே, வாவி எல்லாருக்கும் பொது. அது நல்லா இருக்கோணும் எண்டு கச்சேரியும் சொல்லுது, படுவான்கரையானும் சொல்றான். நாங்க என்ன செய்யப்போறம் எண்டத எழுது" என்றார். அதன்பின் நிகழ்ந்த விவாதம் இருட்டும்வரை நீடித்தது. தங்கூசி வலையைத் தம் உறுப்பினர் பயன்படுத்துவதில்லை, கரையில் அழிந்த கண்டலை மீள நடுவது, பிடித்த மீனைத் தரகரிடம் தனித்தனியே விற்காமல் ஒன்றாக நிறுத்து விற்பது என்னும் மூன்றும் அவ்விவாதத்தின் பலனாகத் தேறின. முதலாவதற்கு எதிர்ப்புப் பலமாக இருந்தது. எதிர்ப்பு எழுந்தபோதே அது உண்மையான பணிக்கூற்று என்று எனக்கு விளங்கியது. ஒருவருக்கும் நட்டமோ சிரமமோ விளைவியாத வாக்கியத்தைப் பற்றி எவரும் சண்டையிடுவதில்லை.

இவ்விரண்டையும் பிரித்துணர்ந்த தாபனத்துக்கு உதாரணம் தேடித் தூரதேசம் போகவேண்டுவதில்லை. எங்கள் ஊருக்கு வடக்கே கல்லடி உப்போடையில் இருக்கும் இராமகிருஷ்ண மிஷனே போதும். 1897ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி கல்கத்தாவில் சுவாமி விவேகானந்தர் அச்சங்கத்தை ஆரம்பித்தபோது, உத்தேசம் வேறாகவும், பல சமயத்தாரிடையே சகோதரத்துவத்தை நிலைநாட்டும் பணியை நடத்துதலாகிய விரதம் வேறாகவும், மக்களின் உலகியல் நலத்துக்கும் ஆன்மிக நலத்துக்கும் உதவும் கல்வியைப் போதிக்க வல்லவரைப் பயிற்றுதல், கலைகளையும் கைத்தொழில்களையும் வளர்த்தல் முதலிய காரியமுறைகள் வேறாகவும் வகுக்கப்பட்டன. இப்பகுப்பின் பயன் மட்டக்களப்பிலே கண்கூடாயிற்று. 1924இல் துறவறம் பூண்ட சுவாமி விபுலாநந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். மிஷனின் முகாமையில் வேறு பாடசாலைகளும் நடந்தன. 1947இல் அடிகளார் மறைந்தார். 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, அதுவரை தன் பிரதான வேலையாக இருந்த பாடசாலை நிருவாகம் மிஷனின் கையைவிட்டு நீங்கியது. பாடசாலை நடத்துவதே தன் இலட்சியம் என்று எழுதி வைத்திருந்த ஒரு தாபனம் அன்றே கதவைப் பூட்டியிருக்கும். ஆன்ம விடுதலையும் உலக நலமுமே இலட்சியமென்றும், பாடசாலை அதற்கு ஒரு வழியென்றும் கொண்டிருந்ததனால், மிஷன் ஏழை மாணவர் இல்லங்களைப் பேணும் பணியிலும் பிற சேவைகளிலும் நிலைத்து நின்றது. வேலை கைமாறலாம், சட்டத்தாற் பறிபோகலாம், முடிந்தும் போகலாம். அதற்கு மேலே ஒன்று இருந்தால்தான் அடுத்த வேலையைத் தெரிந்தெடுக்க இயலும்.

இதற்கு மறுதலையானதையும் இக்கரையிலே கண்டோம். 2004 டிசம்பர் 26இன் கடல்கோளுக்குப் பின்வந்த ஆண்டுகளில், உதவி வழங்க வந்த நிறுவனங்களின் விண்ணப்பப் படிவங்களில் இவ்விரு தலைப்புகளுக்கும் கட்டங்கள் இருந்தன. கட்டத்தை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும் என்ற அச்சத்தால், தோணி கொடுப்பவருக்கு அனுப்பும் படிவத்தில் மீன்பிடியும், தையல் இயந்திரம் கொடுப்பவருக்கு அனுப்பும் படிவத்தில் பெண்களின் சுயதொழிலும் ஒரே சங்கத்தின் பணிக்கூற்றாக எழுதப்பட்டன. வீடிழந்து நின்றவர்களை இதற்காகக் குறைகூற எனக்கு மனம் வராது. பணத்தின் உருவத்துக்கு ஏற்ப வேலையின் உருவத்தை மாற்றும் பழக்கம் பணம் போன பிறகும் நிலைத்துவிட்டதே எனக்கு வருத்தம்.

பெயர்களைப் பற்றிய பிடிவாதம் எனக்கு இப்போது குறைந்துவிட்டது. 1976இல் அரசசேவையிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதைத் தன் பணியென்று கூறுகிறது. என் அளவுகோலின்படி அது தூரநோக்கு. ஆனால் பணம் செலுத்தும் நோயாளரின் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்வது, விழிவில்லையை விலைகொடுத்து இறக்குமதி செய்ய இயலாதபோது 1992இல் ஆரோலாப் என்னும் தொழிற்சாலையை அமைத்துத் தாமே செய்துகொள்வது என அன்றாட வேலையை இத்தனை தெளிவாக வரையறுத்தவர்களிடம், எந்த வாக்கியத்துக்கு எந்தத் தலைப்பு என்று வாதாடுவது வீண்.

இந்நாட்களில் நான் பணிக்கூற்றையே முதலில் எழுதச் சொல்கிறேன். சங்கத்தார் ஏற்கெனவே செய்துவருவதைக் கேட்டு, செய்யமாட்டோம் என்பதையும் ஒரு வாக்கியத்திற் சேர்த்து, பலகையின் அகலத்துக்குள் அடங்கிய பின்பே, இதெல்லாம் எதற்காக என்று கேட்பேன். அப்போது தூரநோக்கு பெரும்பாலும் அவர்கள் தாமாகவே, சிலவேளை கண்கலங்கியும், சொல்லும் சொற்களில் வந்துவிடுகிறது. எழுதிய பணிக்கூற்றை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், பொருளாளரின் கணக்கறிக்கைக்கு முன்னதாக, உரத்து வாசிக்கவேண்டும் என்று யாப்பில் ஒரு விதியும் சேர்க்கிறேன். செலவானது எதற்கென்று எழுதிக்கொண்டோமோ அதற்குத்தானா என்று கேட்க அது இடந்தரும். மாதர் சங்கமொன்று மட்டும் அவ்விதியைத் திருத்தி, கணக்குக்குப் பின்னரே வாசிப்பதென்று தீர்மானித்தது. முன்னர் வாசித்தால் பிந்தி வருகிறவர்கள் கேட்கமாட்டார்களாம். தேநீர் கொடுக்கும் நேரத்துக்குக் கிட்டவாக வைத்தால் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள் என்று தலைவி சொன்னார். நானும் மறுக்கவில்லை.