அப்பாவும் நானும் இரண்டு டாங்கிகளும்

உங்கள் வீட்டுப் பரணில் என்னவெல்லாம் இருக்கிறது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? எங்களுக்குத் தெரியாது. போன பொங்கலுக்கு நான் ஓசூர் போயிருந்தபோது, அண்ணன் மகன் பரணில் ஏறி, ஈயம் போன அண்டா, இறக்கை ஒடிந்த மின்விசிறி, அம்மாவின் டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் தாண்டிப் போய், ஓர் அட்டைப் பெட்டியுடன் இறங்கினான். தலையெல்லாம் ஒட்டடை.

"அத்தை, இது என்னது?" என்றான்.

திறந்து பார்த்தேன். ஒரு கணம் எனக்குப் பேச்சே வரவில்லை. எங்கள் பழைய டி.வி. கேம்! ஒயர்களைச் சுருட்டி நூல் கட்டி, துப்பாக்கியைப் பழைய துணியில் சுற்றி, பத்திரமாக வைத்திருந்தது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. அப்படி முடிச்சுப் போடுகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

"ஒரு விளையாட்டுச் சாமானுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

1999-ஆம் வருஷம் தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து மாமா வாங்கி வந்தது அது. எனக்கு அப்போது பத்து வயது. ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியார் 1983-ல் வெளியிட்ட 'பேமிகாம்' என்ற யந்திரத்தைப் பார்த்து, தைவானிலும் சீனாவிலும் ஆயிரம் பெயர்களில் நகல் செய்து தள்ளினார்கள். அந்த ஆயிரத்தில் ஒன்று, அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு மஞ்சள் காஸெட். அதன் மேல் '9999 விளையாட்டுகள்' என்று போட்டிருந்தது. அண்ணனும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினோம். முப்பத்திரண்டுக்கு மேல் தேறவில்லை. மற்றதெல்லாம் அதே மாப்பிள்ளைக்கு வேறு வேறு தலைப்பாகை!

அண்ணனுக்கு இந்த விளையாட்டுகள் புதிதல்ல. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்று டெலிவிஷன் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஒருவர் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து அங்கே கூச்சல் கிளம்பும். அத்தனையும் பையன்கள். பெண் குழந்தைகள் வாசலோடு சரி. பிற்பாடு பத்திரிகைக்காரியாகி நாலு விஷயம் படித்தபோது எனக்கு ஒரு செய்தி தெரிந்தது. 1980-ல் 'பாக்-மேன்' விளையாட்டை உருவாக்கிய ஜப்பானியர் டோரு இவாடானி, 'சுட்டுத் தள்ளும் ஆட்டமாகவே இருக்கிறதே, பெண்களும் வந்து ஆடட்டும்' என்றுதான் தின்பண்டத்தை விழுங்கிக்கொண்டு ஓடும் அந்த மஞ்சள் உருண்டையைப் படைத்தாராம். அவருடைய நல்லெண்ணம் டோக்கியோவிலிருந்து ஓசூர் சந்து வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இருந்தாலும் அந்தப் பாக்-மேனில் ஒரு சூட்சுமம் உண்டு. துரத்துகிற நான்கு பேய்களும் ஒரே மாதிரி துரத்துவதில்லை. சிவப்புப் பேய் நேரே பின்னால் வரும். ரோஜா நிறப் பேய் நாம் போகிற திசையில் நாலு கட்டம் முன்னால் குறி வைத்து வந்து மறிக்கும். ஆரஞ்சுப் பேய் தூரத்தில் இருக்கும்வரை வீராப்பாக வரும். எட்டுக் கட்டம் நெருங்கியதும் பயந்து தன் மூலைக்கு ஓடிவிடும். எங்கள் தெருவிலேயே இந்த மூன்று சுபாவத்துக்கும் ஆட்கள் இருந்தார்கள். பெயர் சொல்வது நன்றாக இராது.

இப்படிக் குதூகலமாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் எங்கள் வீட்டில் அந்தச் சம்பவம் நடந்தது.

ஓசூரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு வளர்ந்த ஊர். பெரிய தொழிற்சாலைகள் மோட்டார் வண்டியும் கடிகாரமும் செய்தால், அவற்றுக்கு வேண்டிய துண்டுத் துணுக்குகளைச் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் அவற்றைச் சுற்றி முளைத்தன. அப்படி ஒரு பட்டறையில் அப்பா பிரஸ் மிஷின் ஓட்டினார். தகட்டை டைக்கு அடியில் வைத்தால், மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு.

அந்த மிஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். எதற்காக? இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால், எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்க முடியாதல்லவா? எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு, பாருங்கள்! ஆனால் ஒரு கை சும்மா இருந்தால் தகடு வைக்கும் வேலை சீக்கிரம் ஆகும், பீஸ் கூடும். ஆகவே பட்டறையில் ஒரு பட்டனை ரப்பர் பட்டையால் அழுத்திக் கட்டியிருந்தார்கள். மேஸ்திரிக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

2000-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். இரவு ஷிப்ட். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு போயின.

அதற்குப் பிறகு அப்பா வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். யாராவது பார்க்க வந்தால் கையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். சாப்பாடு ஸ்பூனில். அம்மா தையல் மிஷினை எடுத்துத் தூசி தட்டி, ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தாள். கட்டுப் பிரித்த டாக்டர், "மிச்ச விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் மடங்காமல் போய்விடும்" என்று சொல்லியிருந்தார். அப்பா அசைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு மத்தியானம் நான் தனியாக டாங்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தேன். 'பேட்டில் சிட்டி' என்று பெயர். பாக்-மேனை வெளியிட்ட அதே நாம்கோ கம்பெனியார் 1985-ல் போட்டது. அடியில் நடுவில் ஒரு கழுகுச் சின்னம். அதைச் சுற்றி ஒரு செங்கல் சுவர். மேலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் இருபது எதிரி டாங்கிகள் வரும். கழுகில் ஒரே ஒரு குண்டு பட்டாலும் ஆட்டம் முடிந்தது. நம்மிடம் எத்தனை உயிர் மிச்சமிருந்தும் பிரயோஜனமில்லை. நான் மேலே மேலே போய்ச் சுட்டுக்கொண்டிருந்தேன். கழுகு போய்விட்டது.

"ஏம்மா, வீட்டை விட்டுட்டு எல்லாரும் சண்டைக்குப் போனா, வீட்டை யாரு பாத்துக்குவாங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"இரண்டு பேர் ஆடலாம் அப்பா. நீங்க வாங்க" என்று இரண்டாவது பேடை நீட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் திசை காட்டும் சிலுவை. வலது பக்கம் பட்டன்கள். "ரெண்டு கையும் வேணும் போலிருக்கே" என்றார். அதை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

பேடை அடியில் தாங்கிப் பிடிக்க அந்த இரண்டு விரல்கள்தானே முக்கியம்! முதலில் நழுவி நழுவி விழுந்தது. அப்புறம் தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்துத் தொடையில் போட்டு, அதன் மேல் பேடை வைத்து, கட்டைவிரலால் சுட ஆரம்பித்தார். கையை மூடிய துண்டு கைக்குக் கீழே போய்விட்டது. சுட்ட முதல் குண்டு எங்கே பட்டது தெரியுமா? எங்கள் கழுகின் மேலேயே! நம் குண்டும் கழுகைக் கொல்லும் என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முதல் அப்பா கீழே, நான் மேலே. அவருடைய டாங்கி கழுகை விட்டு ஐந்தாறு அடி நகராது. தப்பித் தவறி என் டாங்கி மேல் அவர் குண்டு பட்டால், நான் சாக மாட்டேன். சில விநாடிகள் அசைய முடியாமல் மினுக்கிக்கொண்டு நிற்பேன். அந்தச் சமயம் பார்த்து எதிரி வந்தால் கதை கந்தல். "அப்பா!" என்று கத்துவேன். "குறுக்கே வராதேம்மா" என்பார்.

பீஸ் எண்ணிப் பழகிய மனுஷர் அல்லவா? எதிரி டாங்கிகளையும் எண்ணத் தொடங்கினார். சில டாங்கிகள் சிவப்பாக மின்னிக்கொண்டு வரும். அவற்றைச் சுட்டால் வெகுமதி கிடைக்கும்: நட்சத்திரம், மண்வெட்டி, கடிகாரம் என்று ஏதாவது ஒன்று. மண்வெட்டியை எடுத்தால் கழுகைச் சுற்றியிருக்கும் செங்கல் சுவர் கொஞ்ச நேரத்துக்கு இரும்பாகிவிடும். அப்பாவுக்கு அதுதான் உயிர். அந்தச் சிவப்பு டாங்கிகள் எப்போது வரும்? நாங்கள் குருட்டாம்போக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் கழித்து, தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதி என்னிடம் நீட்டினார். 4, 11, 18. ஒவ்வொரு கட்டத்திலும் நான்காவதும், பதினோராவதும், பதினெட்டாவதும்! சரிபார்த்தேன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. அண்ணன் அந்த எண்களைச் சந்துக் கடையில் போய்ச் சொல்லி இரண்டு நாள் ராஜாவாக இருந்தான்.

அந்த எண்கள் கோணல்மாணலாக இருந்தன. இடது கையால் எழுதியவை. விபத்துக்குப் பிறகு அப்பா எழுதியது அதுதான் முதல் தடவை.

ஜூலை மாதம் வேறோர் இடத்தில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தார். பதிவேட்டில் இடது கையால் எழுதி ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

இனி, பொங்கலுக்கு வருகிறேன். பெட்டியை அண்ணன் வீட்டுப் பெரிய தட்டை டெலிவிஷனில் மாட்டினோம். உயிர் வந்துவிட்டது! ஆனால் வாத்து சுடும் விளையாட்டு மட்டும் வேலை செய்யவில்லை. பையன் டெலிவிஷனில் துப்பாக்கியை ஒட்டி வைத்துச் சுட்டும் ஒரு வாத்து விழவில்லை. துப்பாக்கியில் பழுது ஒன்றுமில்லை. அதிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை; அது வெளிச்சத்தைப் பார்க்கிற கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடிப் பொழுதில் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். துப்பாக்கி அதைக் கண்டால் வாத்து விழும். பழைய குழாய் டெலிவிஷன் அந்தக் கட்டத்தை அந்தக் கணமே வரைந்துவிடும். புதியது படத்தை வாங்கி, யோசித்து, பிறகு காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி கண்ணை மூடிக்கொள்கிறது. பையனுக்கு ஒரே ஏமாற்றம்.

"டாங்கி போடுடா" என்றார் அப்பா. துண்டை மடித்துத் தொடையில் போட்டுக்கொண்டார்.

பையன் ஒரு கையில் முறுக்கும் ஒரு கையில் பேடுமாக உட்கார்ந்தான்.

"முறுக்கைக் கீழே வை. ரெண்டு கையும் பட்டன் மேலே இருக்கணும்."

குரலில் இருந்த கடுமையைக் கேட்டு அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் முறுக்கை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான் சென்னை பஸ் ஏறும்போது பதினேழாவது கட்டத்தில் இருந்தார்கள். மொத்தம் முப்பத்தைந்து, அதற்கப்புறம் மறுபடி முதலிலிருந்து சுற்றும். கிருஷ்ணகிரி தாண்டும்போது போன் வந்தது. "பதினெட்டு முடிஞ்சுது. பய மேலேயே போறான். கழுகை நான்தான் பாத்துக்கிட்டேன்" என்றார் அப்பா.