மரக்கார்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்னால், வருடம் தவறாமல், அப்பா காருக்கு வார்னிஷ் பூசுவார். ஊரில் மற்றவர்கள் காருக்குப் பெயின்ற் அடிப்பார்கள். எங்கள் கார் மட்டும் வாசற்கதவு மாதிரி வார்னிஷ் கேட்கும். பழைய சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அரத்தாளால் மரச்சட்டங்களைத் தேய்த்துத் துடைத்து, முற்றத்து மாமர நிழலில் நிறுத்திப் பூசுவார். அந்த வாசம் இரண்டு நாள் வீட்டில் நிற்கும். எனக்குத் திருவிழா தொடங்குவது அந்த வாசத்தில்தான்.

1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ட்ரவெலர் அது. மானிப்பாயில் அதற்கு 'மரக்கார்' என்றுதான் பெயர். முன்பாதி எல்லோரும் அறிந்த மொறிஸ் மைனர்: உருண்டை முகம், நடுவில் பிளந்த முன்கண்ணாடி, மூக்கில் ஆற்றைக் கடக்கும் மாடு பொறித்த சின்னம். கதவுகளுக்குப் பின்னால் இரும்பு முடிந்து மரம் தொடங்கிவிடும். மரச்சட்டங்களுக்கு இடையில் அலுமினியத் தகடும் கண்ணாடியும் பொருத்தியிருக்கும். பின்னால் அலுமாரிக் கதவுகள்போல இரண்டு பக்கமும் திறக்கும் சின்னக் கதவுகள். அந்த மரம் அழகுக்கு ஒட்டியதென்று பலர் நினைப்பார்கள். உண்மையில் பின்பாதியைத் தாங்கி நிற்பதே அந்த மரம்தான். அது உக்கினால் கார் உக்கினது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் கார்க் கண்காட்சிக்கு வந்தது. சாதாரண வருமானக்காரர் வாங்கக்கூடிய, எண்ணெய் அதிகம் குடிக்காத, குடும்பம் வசதியாக அமரும் ஒரு சின்னக் கார் வேண்டும் என்பதே நோக்கம். ஐந்து வருடம் கழித்து, 1953இல், அதே காரின் முதுகை நீட்டி ட்ரவெலரைச் செய்தார்கள். ஆங்கிலேயர் இந்த வகைக்கு 'எஸ்டேட் கார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அம்மா அந்தப் பெயரைத் தேயிலைத் தோட்டத்து எஸ்டேட் என்றே விளங்கிக்கொண்டிருந்தா. எங்கள் விஷயத்தில் அது சரியாகவே இருந்தது. எங்கள் தாத்தா, அப்பு, மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து, ஓய்வுபெற்றபோது, தோட்டத்திலே ஓடிக் களைத்த அந்தக் காரைக் கைமாற்று விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் வந்தவர். புதுக் கார் வாங்க அவரிடம் வழியில்லை. இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்துக்கு முந்தைய காலத்து ஆங்கில எழுத்துகள் இருந்தன. அதில் அவருக்கு ஒரு பெருமை.

எஞ்சின் 803 சி.சி. வலு 30 குதிரை. இன்றைக்குச் சில மோட்டார் சைக்கிள்களிலேயே அதைவிட வலு உண்டு. மணிக்கு அறுபது மைலைத் தொட்டால் அதன் எல்லை அவ்வளவுதான், ஆட்கள் நிறைந்திருந்தால் அதுவும் இல்லை. ஆனால் ஒரு கலனுக்கு முப்பத்தைந்து மைல் ஓடும் என்று அப்பா கணக்குச் சொல்வார். திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் 'டிக் டிக் டிக்' என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் அடங்கும். அது அடங்கும்வரை அப்பா ஸ்ராட்டர் பக்கம் கையைக் கொண்டுபோகமாட்டார். "பொறு, அது மூச்சு எடுக்கட்டும்" என்பார். திரும்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீண்டு, உள்ளே விளக்கு எரிந்து, திசை காட்டும். சிலவேளை அது பாதியில் இறுகி நிற்கும். பின்னால் இருக்கிற நான் யன்னலால் கையைவிட்டுத் தட்டவேண்டும். அந்த வேலை எனக்கென்றே ஒதுக்கப்பட்டது. வேறு யாரும் தட்ட நான் விட்டதில்லை.

1980களின் நடுவில் மரம் உக்கத் தொடங்கியது. சீமையிலிருந்து வந்த 'ஆஷ்' மரம் எங்கள் மாரி மழைக்கும் கறையானுக்கும் முப்பது வருடம் தாக்குப் பிடித்ததே பெரிது. சீமைச் சட்டத்துக்கு எங்கே போவது? அப்பா சண்டிலிப்பாயில் மாட்டுவண்டில் செய்கிற ஆசாரியாரைக் கூட்டிவந்தார். அவர் காரை இரண்டுதரம் சுற்றி வந்து, சட்டங்களை விரலால் தட்டிக் கேட்டு, "பூவரசு போடுவம் மாஸ்ரர், வண்டில் சில்லுக்கே அது நிக்குது" என்றார். எங்கள் வேலியிலிருந்த முதிர்ந்த பூவரசு ஒன்று தறிக்கப்பட்டது. உக்கிய சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதையே அச்சாக வைத்து, வளைவு பிசகாமல் இழைத்துப் பொருத்த அவருக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. முடிந்ததும், எங்கள் வேலியில் நின்ற மரம் எங்கள் காரில் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு அதை வேறொரு நாட்டுக் கார் என்று எங்களால் நினைக்கவே முடியவில்லை.

பின்னாசனத்தை மடித்துவிட்டால் ஒரு சின்னத் திண்ணையளவு இடம் வரும். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயமும், பக்கத்துத் தோட்டக்காரரின் புகையிலைச் சிப்பங்களும், கலியாண வீட்டுக்கு வாடகைக் கதிரைகளும் அதில் போயின. பாயை விரித்தால் பிள்ளைகள் ஏழுபேர். நோவு கண்ட பெண்களை நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே இடத்தில் படுக்கவைத்துத்தான். கார் உள்ள வீடுகள் ஊரில் வேறும் இருந்தன. ஆனால் படுத்தபடி போக வேண்டியவர்கள் எங்கள் கதவையே தட்டினார்கள். அப்பா ஒருநாளும் காசு வாங்கியதில்லை. "இடம் இருக்கிற கார்" என்பதே அவருக்குப் போதிய காரணம்.

1990இல் மறுபடி சண்டை தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் நின்றது. புதுசான ஜப்பான் கார்கள் கொட்டில்களில் தூசு பிடித்தன. அந்த நாட்களில்தான் பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் எங்கள் தெருக்களை மீட்டெடுத்தன. அவை மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலேசில் ஆவியாகாது. அதனால் பொனற்றுக்குள்ளே ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலே ஸ்ராட் செய்து, எஞ்சின் நன்றாகச் சுட்ட பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன்னால் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலை அது எழும்பாது. பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் ஏழளவில்தான் இருந்தது. தரம் குறைந்த எண்ணெயையும் அவை இடிக்காமல் எரித்தது அதனால்தான். எது அந்தக் காரின் வலுக்குறைவோ அதுவே எங்களுக்குக் கைகொடுத்தது. வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, இருமி இருமி, ஆஸ்பத்திரி வீதிக்கு அது போய்க்கொண்டே இருந்தது. பற்றறி இறங்கிவிட்டால் முன்னால் கைபிடியைக் கொழுவிச் சுற்றுவோம். அதைச் சுற்றிச் சுற்றியே என் தோள்கள் முற்றின.

1995 ஒக்டோபர் 30. பின்னேரம் ஒலிபெருக்கிகள் வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொன்னபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பம்மாவையும், நடக்கமுடியாத அயல்வீட்டு முதியவர்கள் மூவரையும் பின்னால் பாயில் படுக்கவைத்தோம். மீதி இடத்தில் அரிசி, பானை, சாமிப்படம். செம்மணி வெளியில் லட்சக்கணக்கான சனம் ஒரே வீதியில் நகர்ந்தது. ஓர் அடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்குப் பத்து நிமிடம். அந்த வேகத்தில் ஓடவிட்டால் தண்ணி கொதித்துவிடும், இருந்த எண்ணெயும் போய்விடும் என்று அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டார். பிறகு தள்ளினோம். யார் யாரோ கைகொடுத்தார்கள். ஒருவர் தன் கைக்குழந்தையை அப்பம்மாவின் மடியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்து தோள் கொடுத்தார். ஏறக்குறைய 800 கிலோக் கார் அது, ஆட்கள் தள்ளினால் உருளும். நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போது விடிந்திருந்தது. அப்பா மரச்சட்டத்தில் கன்னத்தை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மழையில் ஊறிய பூவரசின் மணம் எனக்கு இப்போதும் அந்தப் பாலத்தோடு சேர்ந்தே வரும்.

கொடிகாமத்தில் பெரியம்மா வீட்டுக் கிணற்றடியில் கார் நின்றது. அடுத்த வருடம் நாங்கள் கிளாலியால் வன்னிக்குப் போக முடிவெடுத்தோம். கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடக்கவேண்டும். வள்ளத்தில் கார் ஏறாது. புறப்படுகிற அன்று அப்பா மிச்சமிருந்த பெற்றோல் போத்தலைக் கழற்றிப் பெரியம்மாவிடம் கொடுத்து, "அந்தரத்துக்கு உதவும், ஆரும் கேட்டால் குடுங்கோ அக்கா" என்றார். காரைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. பின்கதவுகளைச் சாத்தி, கொழுக்கியைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு நான் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தேன். இங்கே அந்தக் காரைக் கண்காட்சிகளில் புற்றரையில் நிறுத்திவைத்து மினுக்குகிறார்கள். பாத் நகரில் சாள்ஸ் வெயார் என்பவர் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் ஒன்றை வைத்திருந்தார். காரை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதைவிட, பழுதான பாகங்களை மாற்றி மாற்றி ஆயுள் முழுதும் வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதித்து அவர் புத்தகமும் எழுதியவர். 1990களில் அந்தக் கார்களுக்கான உதிரிப்பாகங்களை அவர் இலங்கையிலேதான் செய்வித்தார் என்று அறிந்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. நாங்கள் எண்ணெய் விளக்கின் கீழே கம்பியாலும் கயிற்றாலும் எங்கள் காரைக் கட்டி ஓட்டிய அதே வருடங்கள். அதே தீவின் கைகள் அதே காருக்குத் தகடு அடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியிருக்கின்றன. நடுவில் மூடிக் கிடந்தது ஒரு வீதிதான்.

அந்தக் கண்டி வீதி 2002இல் திறந்தது. மறுவருடம் நான் போனேன். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஆனையிறவைத் தாண்டினேன். 2000ஆம் ஆண்டுச் சண்டையில், கொடிகாமம் இருக்கிற தென்மராட்சி இடிந்து கிடந்தது. பெரியம்மா வீட்டில் பாதிக்குக் கூரை இல்லை. கிணற்றடி வெறுமையாக இருந்தது. இரும்பையும் அலுமினியத்தையும் பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னா. "ஷெல்லிலை முன்பக்கம் போட்டுது மோனை. கொப்பரிட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

பின்வளவில் ஆட்டுக் கொட்டில். நான்கடி உயரத்தில் அதன் கதவு. யன்னல் கண்ணாடி இருந்த இடத்தில் பனைமட்டை வைத்துப் பின்னியிருந்தது. வளைவைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆசாரியார் இழைத்த பூவரசுச் சட்டம். வார்னிஷ் எல்லாம் போய்ச் சாம்பல் நிறத்தில், ஆனால் ஒரு மூட்டும் விலகாமல் இருந்தது.

"கழட்டித் தரட்டே? கொண்டுபோய் வைச்சிரன்" என்றா பெரியம்மா.

உள்ளே நிறைமாத ஆடு ஒன்று படுத்திருந்தது. பக்கத்தில் இரண்டு குட்டிகள். நான் கதவைத் திறந்து பார்த்தேன், சாத்தினேன், கொழுக்கியைப் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

"வேண்டாம் பெரியம்மா. இங்கையே இருக்கட்டும்" என்றேன்.