முன்னும் பின்னும் ஓடும் மின்சாரம்

கெடா மாநிலத்தில், கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது கோலா கெத்தில். ரப்பர்த் தோட்டங்களால் பெயர்பெற்ற அவ்வட்டாரத்தில் இன்று 50 மெகாவாட் ஆற்றலுடைய சூரிய மின்நிலையமும் இருக்கிறது. மின்பணி பயிலும் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

சூரியத் தகடு தருவது நேர்திசை மின்னோட்டம். கைவிளக்கு மின்கலத்தில் உள்ளதுபோல் அது ஒரே திசையில்தான் செல்லும். வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு 50 முறை முன்னே போய்ப் பின்னே திரும்புகிறது. இதையே 50 ஹெர்ட்ஸ் என்பர். ஆகவே, தகடுகளில் பிறக்கும் மின்சாரம் ‘இன்வெர்ட்டர்’ என்னும் கருவியால் மாற்றப்பட்ட பிறகே நாட்டின் மின்கம்பிகளில் சேர முடியும். அந்தத் தாளம் சிறிதும் தப்பக்கூடாது.

முன்னும் பின்னும் அசைவதால் என்ன வேலை நடந்துவிடும்? வீழ்ந்த ரப்பர் மரத்தை இருவர் ரம்பத்தால் அறுப்பதை எண்ணிப் பாருங்கள். ரம்பம் எங்கும் போய்விடுவதில்லை. ஆனால் மரம் துண்டாகிறது. கம்பியிலுள்ள எலக்ட்ரான்களும் அப்படித்தான். மின்நிலையத்திலிருந்து விளக்குவரை அவை பயணம் செய்வதில்லை. இருந்த இடத்திலேயே ஆடுகின்றன. ஆற்றல்தான் வந்து சேர்கிறது.

இந்த ஆட்டம் இருப்பதால்தான் மின்மாற்றி வேலை செய்கிறது. அது மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். கம்பியில் வெப்பமாய் வீணாவதோ நூறில் ஒரு பங்காகிவிடும். தொலைவில் உள்ள தோட்டத்து வீடுகளுக்கும் விளக்கு எரிவது இந்தக் கணக்கால்தான்.

மலேசிய வீடுகளின் மின்னழுத்தம் 230 வோல்ட். இது நேர்திசை மின்சாரத்துக்கு ஈடாகக் கணக்கிட்ட அளவு மட்டுமே. அலையின் உச்சியில் அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடும். கம்பியின் உறை தாங்க வேண்டியது அந்த உச்சத்தை. புதிதாய்ப் பயில்வோர் பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

மனித உடலோ மிகச் சிறிய மின்னோட்டத்தையே தாங்கும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், மின்பணியாளர் ‘இ.எல்.சி.பி.’ என்றழைக்கும் கருவி இணைப்பை உடனே துண்டிக்கும். கையால் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு அதன் எல்லை 30 மில்லி ஆம்பியர். குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மட்டுமே. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க அதன் முகப்பிலேயே ஒரு சிறு பொத்தான் உண்டு. பொருத்திய நாள் முதல் அதை யாரும் அழுத்திப் பார்க்காத வீடுகளும் உண்டு.