திறக்காத கோப்பு

மின்சுற்றுப் பலகை வரையும் மென்பொருள்களில் எது சிறந்தது என்னும் விவாதம் பொறியாளர்களிடையே முடிவதே இல்லை. சூட்டில் அது நம் மரபுக்கவிதை, புதுக்கவிதைச் சண்டைக்குச் சற்றும் குறைந்ததன்று. தமிழ் கற்பித்துப் பிழைக்கும் நான் அதில் தலையிடக் காரணம் என் அக்காள் மகன்.

மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் பல உள்ளன. தொட்டிகளுக்குள் இரவு பகலாகக் காற்றுச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போய், ஜெனரேட்டரும் எடுக்காவிட்டால் ஒரு தொட்டிக் குஞ்சுகள் மொத்தமாக மடிந்துபோகும். காற்று நின்றால் மணியடிக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை என் அக்காள் கணவர் செங்கல்பட்டில் சிறு பட்டறை வைத்துச் செய்து கொடுத்துவந்தார். உள்ளங்கை அளவுப் பலகை, இரண்டு அடுக்குச் செம்பு, அவ்வளவுதான். உப்புக்காற்று செம்பை விடுவதில்லை. காப்புப் பூச்சு கொடுத்தாலும் சில ஆண்டுகளில் பச்சை பூத்துத் தடங்கள் அறுந்துவிடும். எனவே பழைய பலகைக்குப் பதில் புதியது செய்து மாற்றுவதே அத்தொழிலில் பாதி.

அவர் மறைந்தபின் பட்டறையை ஏற்ற மகனுக்குப் பழைய வன்தட்டில் கோப்பு கிடைத்தது. திறக்கத்தான் முடியவில்லை. மென்பொருளின் உரிமம் (பெயர் வேண்டாம்) பழுதாகிப்போன கணினியோடு பிணைக்கப்பட்டிருந்தது. கோப்போ அந்த மென்பொருளுக்கு மட்டுமே விளங்கும் இரும வடிவில் இருந்தது.

“அப்பா வரைஞ்சது இதோ இருக்கு மாமா. ஆனா பார்க்க முடியல” என்றான்.

என் தலைமுறைத் தமிழாசிரியர்களுக்கு இது புதிய துயரமன்று. இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆளுக்கோர் எழுத்துருவில் ஆய்வேடு தட்டச்சு செய்தோம். டாம், டாப் என்னும் தரங்களைத் தமிழக அரசு 1999இல் அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்குள் எத்தனையோ வட்டுகளில் சங்கப்பாடல் ஆராய்ச்சியெல்லாம் ஐரோப்பிய எழுத்துக் குறிகளின் குப்பையாகிவிட்டிருந்தது. ஆகவே மென்பொருள்களை அவன் ஒப்பிடத் தொடங்கியபோது, வேகத்தையும் விலையையும் அவனிடமே விட்டுவிட்டு நான் ஒன்றுதான் கேட்டேன்: இருபது ஆண்டு கழித்து இந்தக் கோப்பை யார் திறப்பார்?

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் வரிசையே மாறிவிடுகிறது. ஆல்டியம் 1985இல் டாஸ்மேனியாவில் புரோடெல் என்ற பெயரில் பிறந்தது. 2024இல் ஜப்பானின் ரெனசாஸ் அதை வாங்கியது. பல அடுக்குப் பலகைகளுக்கும் அதிவேகச் சுற்றுகளுக்கும் அதன் ஆற்றலை யாரும் மறுப்பதில்லை. விலை பட்டறைக்காரனுக்கு எட்டாது. கோப்பும் மூடிய வடிவந்தான். ஈஸிஇடிஏ உலாவியிலேயே வரையலாம், வரைந்ததை ஒரு சொடுக்கில் சீனத் தொழிற்சாலைக்கு அனுப்பலாம். அந்த வசதியே அதன் கட்டும் ஆகிறது.

ஈகிள் கதை வேறு. 1988இல் ஜெர்மனியின் கேட்சாஃப்ட் வெளியிட்டது. 100×80 மில்லிமீட்டர் வரையிலான பலகைக்கு இலவசம் என்பதால் எத்தனையோ மாணவர்களின் முதல் பலகை அதில்தான் உருவாயிற்று. 2016இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது; மறு ஆண்டு சந்தா முறைக்கு மாற்றியது; 2026 ஜூனோடு நிறுத்திவிடுவதாக 2023இல் அறிவித்தது. ஆனால் ஆறாம் பதிப்பு முதல் ஈகிளின் கோப்பு எக்ஸ்எம்எல் என்னும் உரைவடிவில் அமைந்திருந்தது. அதனால் 2018இல் வந்த கிகேட் ஐந்தாம் பதிப்பு அக்கோப்புகளை அப்படியே படித்தது. மென்பொருளுக்கு முடிவு குறித்தாயிற்று. அதில் வரைந்தவை பிழைத்துக்கொண்டன.

கிகேட் 1992இல் பிரான்சின் கிரெனோபிளில் ழான்-பியேர் ஷரா என்னும் ஆசிரியர் தொடங்கியது. (ஆசிரியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) பின்னர் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் அதற்கு உழைத்தது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸ்ஸி திட்டம் உருவாக்கிய இ-சிம்முக்குள்ளும் கிகேட் இருக்கிறது. குறைகளும் உண்டு: தானாகத் தடம் போட்டுத் தராது, புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. எனினும் கோப்பு வெறும் உரை. நோட்பேடில் திறந்தாலும் எந்தத் தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படித்துவிடலாம். இலவசம் என்பதைவிட இதுவே பெரிது.

தந்தையின் பலகையை மீட்டதும் கிகேட்டில்தான். பலகை அச்சிட்டுத் தந்த இடத்தில் பழைய கெர்பர் கோப்புகள் இருந்தன. கெர்பர் 1980 முதல் வழங்கிவரும் பொதுவடிவம். பலகைத் தொழிற்சாலைகள் எல்லாம் அறிந்த மொழி. ஆனால் அது செம்பின் உருவத்தை மட்டுமே சொல்லும். கல்வெட்டை மைப்படி எடுப்பது போலத்தான். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தின் அதிரணசண்டேசுவரக் குடைவரையில் ஒரே வடமொழிக் கல்வெட்டு ஒருபுறம் பல்லவ கிரந்தத்திலும் மறுபுறம் நாகரியிலும் வெட்டப்பட்டுள்ளது. படியெடுக்க எழுத்தறிவு வேண்டாம், படிக்க வேண்டும். கெர்பரில் தடம் இருந்தது, துளை இருந்தது. எந்தத் துளையில் எந்த உறுப்பு, ஏன் என்பது இல்லை. அவன் அந்த உருவத்தை அடியில் வைத்து, பழுதான பலகையை மல்ட்டிமீட்டரால் தடவித் தடவிச் சுற்று வரைபடத்தை மறுபடி எழுதினான். மூன்று வாரம் ஆயிற்று.

அதில் ஒரு கெப்பாசிட்டர் தேவைக்கு மிகப் பெரிதாக இருந்ததாம். தந்தை கையில் கிடைத்ததைப் போட்டிருப்பார் என்று சிறியதாக மாற்றினான். பொரிப்பகத்தில் மாட்டிய முதல் வாரமே, மின்னழுத்தம் கண்சிமிட்டிய போதெல்லாம் மணி அலறியது. இரவுக் காவலர் பொறுக்காமல் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டார். பெரிய கெப்பாசிட்டர் அந்தச் சில நொடிகளைப் பொறுப்பதற்காகவே வைக்கப்பட்டது. பொருள் விளங்காத பாடத்தைப் பிழை என்று திருத்திவிடும் பதிப்பாசிரியர்களை நமக்குத் தெரியும். மூலபாடத்தையே மீண்டும் வைத்தான்.

2023இல் வந்த ஏழாம் பதிப்பு முதல் கிகேட்டில் கணினியிலுள்ள எந்த எழுத்துருவையும் பயன்படுத்தலாம். கெப்பாசிட்டரின் அருகே, வரைபடத்திலேயே, அவன் தமிழில் எழுதியிருக்கிறான்: “இதைக் குறைக்காதே. கரண்ட் சிமிட்டும்போது மணி அடிக்கும், ஆளுங்க கழற்றிடுவாங்க.”