தேறலும் கரியும்

சங்கப் பாடல்களை நடத்தும்போது ‘தேறல்’ என்ற சொல்லில் சற்று நின்றுவிடுவது நமது வழக்கம். தேறு என்றால் தெளி. கசடு அடியில் படிந்து, மேலே தெளிந்து நிற்கும் கள்ளே தேறல். நக்கீரர் பாடிய புறநானூற்று 56-ஆம் பாட்டில் யவனர் கலத்தில் வந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுகிறான். மூங்கில் குழாயில் ஊறியதும் மண்ணில் புதைத்து முதிர்ந்ததும்கூடத் தேறல்தான். இவையெல்லாம் புளித்த கள். காய்ச்சி வடித்த சாராயம் அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் வகுப்பின் கடைசி வரிசை சங்ககாலத்தை வேறு விதமாகப் புரிந்துகொள்ளும்!

தேறுதல் என்பதற்கு நம்புதல் என்றும் பொருள் உண்டு. தெளிந்ததை நம்புவது மனித இயல்பு. மொழியே அதற்குச் சாட்சி.

2024 ஜூன் மாதத்துக்குப் பிறகு ஒரு நாள், மதுராந்தகம் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, கரி போட்டு வடிகட்டினா சாராயமும் தேறல்தானே? எங்க ஊர்ல அப்படி வடிகட்டினது ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லுவாங்க” என்றார். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. 2023 மே மாதம் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டச் சித்தாமூர்ப் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயம் குடித்து மாண்டனர். அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். இரண்டு இடங்களிலும் கொன்றது மெத்தனால்.

கரியின் புகழில் பொய் ஏதுமில்லை. திருமுடிவாக்கத்தில் நமது வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் நீர்வடிகட்டியில் ஒரு குழல் நிறையக் கரிதான். அதை மாற்ற வரும் தம்பி, “கொட்டாங்கச்சிக் கரி சார், நாத்தத்தை எல்லாம் இழுத்துக்கும்” என்பார். அவர் சொல்வது சரி. கொட்டாங்கச்சியைக் கரியாக்கி, எண்ணூறு, தொள்ளாயிரம் பாகை வெப்பத்தில் நீராவி செலுத்தினால் அதனுள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. அவற்றின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு கிராம் கரிக்கு ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் வரும். இதுவே கிளர்வுற்ற கரி.

மதுவுக்கும் கரிக்கும் உள்ள தொடர்பும் பழையது. 1785-இல் பீட்டர்ஸ்பர்க் நகர மருந்தகத்தில் பணியாற்றிய தோபியாஸ் லோவிட்ஸ், கரித்தூள் கரைசல்களின் பழுப்பு நிறத்தை நீக்குவதைக் கண்டார். தானியச் சாராயத்தின் துர்நாற்றத்தையும் அது போக்கிற்று. வோட்காவைக் கரியில் வடிகட்டும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மேப்பிள் மரக்கரி அடுக்கினூடே விஸ்கியைச் சொட்டச் சொட்ட இறக்குகிறார்கள்.

ஆனால் கரி எதைப் பிடிக்கும் என்பதில்தான் உயிர் இருக்கிறது. உருவில் பெரிய, நீரோடு அவ்வளவாக ஒட்டாத பொருள்களே அதன் சுவரில் தங்கும். சாராயத்தின் காரநெடிக்குக் காரணமான கனத்த ஆல்கஹால்கள் அத்தகையவை. மெத்தனாலோ மிகச் சிறிய மூலக்கூறு. நீரை விட்டுப் பிரிய மனமில்லாதது. குடிப்பவர் தேடும் எத்தனாலின் தம்பி என்றே சொல்லலாம். அண்ணனைப் போகவிடும் கரி, தம்பியையும் போகவிடுகிறது. எஞ்சுவது நெடி நீங்கிய, நிறமற்ற, கண்ணாடிபோல் தெளிந்த நஞ்சு. வடிகட்டாத சாராயத்திலாவது மூக்கைச் சுளிக்க ஏதோ இருக்கும்.

நம் ஊர்த் தேற்றாங்கொட்டையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பானையின் உட்புறம் அதைத் தேய்த்தால் கலங்கிய நீர் தெளியும். கலித்தொகையே அறிந்த செய்தி இது. எட்டி மரம் அந்தத் தேற்றா மரத்தின் நெருங்கிய உறவு. தாவரவியலார் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைக்கிறார்கள்.

இன்னொன்றையும் மாணவரிடம் சொன்னோம். வெல்லமும் பட்டையும் போட்ட ஊறலில் இயல்பாக உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். 2023-இலும் 2024-இலும் ஊர்களை அழித்தது ஆலைகளுக்கென்று செய்யப்பட்டு, களவாக வெளியேறிச் சாராயமாக விற்கப்பட்ட மெத்தனால். தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தி அல்ல. பெயின்ட்டுக்கும் பிசினுக்கும் பயன்படும் எளிய கரைப்பான் அது. பீப்பாயில் இருக்கும்வரை யாருக்கும் தீங்கில்லை.

உடலுக்குள் சென்றதும் ஈரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது இந்த அமிலமே. பத்து மில்லி கண்ணைப் பறிக்கக்கூடும். முப்பது மில்லி உயிரையே. அதற்குப் பல மணி நேரம் ஆகும், சில வேளை ஒரு நாள்கூட. அதனால்தான் குடித்த இரவில் ஒன்றும் தெரிவதில்லை. மறுநாள் வயிற்றுவலி, வாந்தி, கண்முன் பனிமூட்டம். போதை தெளியாத மயக்கம் என்று போர்த்திப் படுத்துவிடுகிறார்கள்.

வேறு பல நஞ்சுகளுக்கு மருத்துவமனையில் கரித்தூளைக் கரைத்துப் புகட்டுவதுண்டு. மெத்தனாலுக்கு அங்கேயும் கரி பயன்படுவதில்லை. ஃபொமிபிசோல் என்ற மருந்து, அது இல்லாவிடில் மருத்துவர் அளந்து கொடுக்கும் எத்தனால், முற்றினால் இரத்தச் சுத்திகரிப்பு: இவ்வளவே வழி. கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்ன உடனே 108-ஐ அழைத்து, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குக் கொண்டுபோகும்படி ஊரில் சொல்லச் சொன்னோம். மாணவர் அதைப் பாடநூலின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.